கல்லீரலுக்கும் மணி தெரியும்: செல்லுக்குள் ஓடும் கடிகாரமும் மரபணுக்களும்

வட சென்னையில் ஷிப்ட் வேலை தெரியாத தெரு கிடையாது. மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகள், துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டுகள், காசிமேட்டில் விடிவதற்கு முன்பே களைகட்டிவிடும் மீன் ஏலம், ஆஸ்பத்திரிகளில் நைட் டியூட்டி பார்க்கும் நர்சுகள் என்று, ஊர் தூங்கும்போது விழித்திருந்து சம்பாதிப்பவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவராவது உண்டு. அவர்களிடம் நாம் வழக்கமாகச் சொல்வது, "பகல்ல நல்லா தூங்கிடு, சரியாயிடும்" என்பதுதான். இரவில் தூங்க வேண்டிய எட்டு மணி நேரத்தைப் பகலுக்கு மாற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறோம். நேராகாது. ஏனென்றால் உடம்பில் நேரம் பார்த்து நடப்பது தூக்கம் மட்டும் இல்லை. கல்லீரல் நேரம் பார்க்கிறது, கணையம் பார்க்கிறது, இதயம், சிறுநீரகம், தோல், கொழுப்பு என்று கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. எந்த மரபணு எந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும், எது எப்போது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதில் பெரும்பங்கு அந்தக் கடிகாரத்தின் கையில் இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதை, உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் மரபணு "வேலை செய்கிறது" என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம், இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். நம் உடம்பின் செல்களில் அநேகமாக எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் டிஎன்ஏ ஒன்றேதான். கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் அதே டிஎன்ஏ, அதே இருபதாயிரம் சொச்சம் புரத மரபணுக்கள். ஆனால் எல்லா மரபணுவும் எல்லா இடத்திலும் இயங்குவதில்லை. ஒரு மரபணு இயங்க வேண்டுமென்றால், செல்லின் உட்கருவுக்குள் அந்த மரபணு இருக்கும் இடத்தில் சில புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அவை ஒட்டினால்தான் அந்த மரபணுவில் எழுதியிருப்பது ஆர்என்ஏ என்ற பிரதியாக எடுக்கப்படும். அந்தப் பிரதி உட்கருவுக்கு வெளியே வந்து, அதைப் படித்துப் புரதம் தயாராகும். அந்தப் புரதம்தான் உண்மையில் வேலை செய்கிற ஆள்: சர்க்கரையை உடைப்பது, பித்தநீர் தயாரிக்க உதவுவது, மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது எல்லாம். ஆக, மரபணு இயங்குகிறது என்றால் அதிலிருந்து பிரதிகள் எடுக்கப்படுகின்றன என்று பொருள், ஓய்ந்திருக்கிறது என்றால் எடுக்கப்படவில்லை என்று பொருள். டிஎன்ஏ மாறுவதே இல்லை. அதில் எந்தப் பக்கம் இப்போது படிக்கப்படுகிறது என்பதுதான் மாறுகிறது, அதுவும் மணிக்கு மணி மாறுகிறது.

உயிர்களுக்குள் கடிகாரம் இருக்கிறது என்ற சந்தேகம் பழையது. 1729இல் பிரான்சில் டி மேரான் என்ற வானியல் அறிஞர், தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். பகலில் இலை விரிப்பதும் இரவில் மூடுவதும் இருட்டிலும் தொடர்ந்தது. வெளிச்சத்தைப் பார்த்து விரிகிறது என்றால் இருட்டில் விரிந்திருக்கக் கூடாது அல்லவா? நம் மதுரையிலும் இந்தத் துறையில் முக்கியமான வேலை நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடன் இருந்தவர்களும் 1970களில், சூரிய ஒளி எட்டாத குகைக்குள் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகையின் ஆழத்தில் கூண்டில் வைக்கப்பட்ட வௌவால், சுற்றி மற்ற வௌவால்கள் வந்து போய்க்கொண்டிருக்கும் வரை அவற்றோடு நேரத்தைச் சரிசெய்துகொண்டது. தனியாக விட்டபோது அதன் உள்கடிகாரம் தன் போக்கில் ஓட ஆரம்பித்தது. வெளிச்சம் மட்டுமல்ல, கூட்டமும் நேரம் சொல்லும் என்று காட்டிய வேலை அது. தமிழ்நாட்டில் நடந்த இவ்வளவு அழகான ஆராய்ச்சி நம் பள்ளிப் பாடத்தில் தலைகாட்டாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, கடிகாரம் இருக்கிறது. அது எதனால் ஆனது? இங்கேதான் பழ ஈ வருகிறது, கனிந்த வாழைப்பழத்தின் மேல் மொய்க்குமே, அதுவேதான். 1971இல் கலிஃபோர்னியாவில் ரொனால்ட் கொனொப்கா என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் சீமோர் பென்சரும், நேரம் கெட்டுப்போன மூன்று வகை ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வகைக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம். இன்னொரு வகைக்கு 28 மணி நேரம். மூன்றாவது வகைக்கு நாள் என்ற ஒழுங்கே இல்லை, எப்போது வேண்டுமானாலும் விழிக்கும், எப்போது வேண்டுமானாலும் ஓயும். ஆச்சரியம் என்னவென்றால், மூன்றிலும் பழுது இருந்தது ஒரே மரபணுவில். அதற்குப் பீரியட் என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் ஒரு உயிரின் நாளே குறையவும் நீளவும் முடியும் என்றால், கடிகாரத்தின் உறுப்பு ஒன்று கையில் சிக்கிவிட்டது என்றுதான் அர்த்தம். 1984இல் ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ரோஸ்பாஷும் ஒரு பக்கம், மைக்கேல் யங் இன்னொரு பக்கம், அந்த மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தார்கள். மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இனி செல்லுக்குள் போவோம். இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

பாலூட்டிகளின் செல்லில், நம்முடையதிலும்தான், கிளாக், பிமால்1 என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. இரண்டும் ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் டிஎன்ஏவின் மேல் போய் உட்காரும். எங்கே வேண்டுமானாலும் உட்காராது. சி, ஏ, சி, ஜி, டி, ஜி என்று ஆறு எழுத்துகள் வரிசையாக வரும் இடங்களைத்தான் முக்கியமாகத் தேடிப் பிடிக்கும். அப்படி உட்கார்ந்ததும் அருகிலுள்ள மரபணுவிலிருந்து பிரதி எடுக்கும் வேலை சூடு பிடிக்கிறது. இந்த ஆறெழுத்து அடையாளம் இருக்கும் மரபணுக்களில் இரண்டு குடும்பங்கள் முக்கியம்: ஒன்று, ஈயில் பார்த்த அதே பீரியட் குடும்பம், சுருக்கமாகப் பெர். இன்னொன்று கிரிப்டோகுரோம், சுருக்கமாகக் கிரை. பகல் நேரத்தில் பெர், கிரை பிரதிகள் மளமளவென்று எடுக்கப்படுகின்றன, உட்கருவுக்கு வெளியே வந்து புரதங்களாகின்றன, அங்கே சேர்ந்துகொண்டே போகின்றன. போதிய அளவு சேர்ந்ததும் பெரும் கிரையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உட்கருவுக்குள் திரும்பி வருகின்றன. வந்து என்ன செய்கின்றன தெரியுமா? தங்களை உருவாக்கக் காரணமாயிருந்த அதே கிளாக், பிமால்1 ஜோடியைப் பிடித்து அடக்கிவிடுகின்றன. அதனால் பெர், கிரை மரபணுக்களிலிருந்து பிரதி எடுப்பது நின்றுபோகிறது. புதிதாகப் புரதம் வருவதில்லை. இருக்கிற புரதங்களும் இரவு முழுக்கச் சிறிது சிறிதாகச் சிதைந்து குறைகின்றன. விடிவதற்குள் அடக்குவதற்கு ஆள் இல்லாமல் போகிறது, கிளாக்கும் பிமால்1ம் விடுபட்டு மறுபடி வேலையைத் தொடங்குகின்றன. இந்த ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 24 மணி நேரம்.

மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை போட்டிருப்பார்களே, தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்கும், தண்ணீர் செலவாகி மட்டம் இறங்கினால் மோட்டார் மறுபடி ஓடும், தத்துவம் அதேதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மிதவை உடனுக்குடன் மோட்டாரை நிறுத்திவிடும். செல்லில் அப்படி உடனே நின்றால் பெர், கிரை அளவு ஒரே மட்டத்தில் தங்கிவிடும், ஏற்றமும் இறக்கமும் இருக்காது, கடிகாரமும் இருக்காது. கடிகாரம் ஓடுவதற்குக் காரணமே தாமதம்தான். பிரதி எடுத்து, புரதம் ஆகி, போதிய அளவு சேர்ந்து, ஜோடி சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, அடக்கி, பிறகு சிதைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சில மணி நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதங்கள் எல்லாம் கூடித்தான் ஒரு நாள் ஆகிறது.

அந்தத் தாமதத்தை அளந்து கொடுக்கும் நொதி ஒன்று இருக்கிறது, கேசின் கைனேஸ் 1 என்று பெயர். இது பெர் புரதத்தின் மேல் அங்கங்கே பாஸ்பேட் என்ற சிறிய வேதித் துண்டை ஒட்டுகிறது. பாஸ்பேட் எந்த இடத்தில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் பெர் புரதம் சீக்கிரம் சிதையும் அல்லது கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இது ஏதோ சோதனைக்கூட விஷயம் என்று நினைக்க வேண்டாம். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக, மாலை ஏழு ஏழரைக்கே தூக்கம் கண்ணைக் கட்டுவதும், அதிகாலை நாலு மணி வாக்கில், அதற்கு முன்பே கூட, தானாக விழிப்பு வருவதும் உண்டு. அப்படி ஒரு குடும்பத்தை ஆராய்ந்தபோது, பெர் மரபணுக்களில் ஒன்றான பெர்2 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது 2001இல் தெரியவந்தது. அந்த ஒரு எழுத்தால் பெர்2 புரதத்தில், பாஸ்பேட் ஒட்ட வேண்டிய ஓர் இடம் மாறிப்போயிருந்தது. எதிர்ப்பக்கமும் உண்டு, கிரை1 மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு இரவு வெகுநேரம் வரை தூக்கம் வராது என்பது 2017இல் தெரியவந்தது. "சோம்பேறி, எட்டு மணி வரைக்கும் தூங்குறான்" என்று யாரையாவது திட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை யோசிக்கலாம். தாமதமாக எழுவதற்கெல்லாம் மரபணுதான் காரணம் என்று சொல்லவில்லை, ராத்திரி ஒரு மணி வரை செல்போன் பார்ப்பதற்கும் பங்குண்டு, ஆனால் மனிதர்களின் கடிகாரம் பிறப்பிலேயே ஒரே மாதிரி இல்லை என்பது உறுதி.

இந்த முதன்மைச் சுற்றோடு ரெவ்-எர்ப், ரோர் என்ற புரதங்கள் பிமால்1 மரபணுவையே ஏற்றி இறக்கும் இரண்டாவது சுற்று ஒன்றும் இருக்கிறது. கடிகாரம் தள்ளாடாமல் ஓட அது உதவுகிறது என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

கிளாக்கும் பிமால்1ம் தேடும் அந்த ஆறெழுத்து அடையாளம் பெர், கிரை மரபணுக்களுக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை என்பதுதான் அடுத்த விஷயம். டிஎன்ஏ முழுக்க, ஆயிரக்கணக்கான இடங்களில் இருக்கிறது. அங்கெல்லாமும் இந்த ஜோடி போய் உட்கார்கிறது. ஆக, பெர்-கிரை சுற்று ஓடும்போது, அதோடு சேர்ந்து வேறு நிறைய மரபணுக்களும் பகலில் ஏறி இரவில் இறங்குகின்றன. அவற்றில் சில மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்களே இன்னும் பல மரபணுக்களை இயக்கும் வேலை செய்பவை. கல்லீரலில் டிபிபி என்று ஒரு புரதம் இருக்கிறது. 1990இல் எலிகளில் பார்த்தபோது மாலையில் அது ஏராளமாக இருந்தது, காலையில் தேடினால் கிடைக்கவே இல்லை. இந்த மாதிரி இடைநிலைப் புரதங்கள் வழியாகக் கடிகாரத்தின் கை இன்னும் நீள்கிறது, ஒவ்வொரு மரபணுவும் அதற்குரிய நேரத்தில், சிலது காலையில், சிலது நடுநிசியில் உச்சத்துக்குப் போவது இதனால்தான். டிஎன்ஏ எப்போதும் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல் சுற்றி வைக்கப்பட்டிருக்கும், இறுகச் சுற்றியிருந்தால் படிக்க முடியாது. கிளாக் புரதமே அந்தச் சுற்றைத் தளர்த்தும் வேதி வேலையையும் செய்கிறது. ஆக, ஒவ்வொரு நாளும் நம் டிஎன்ஏவின் பல பகுதிகள் நேரத்துக்கு நேரம் தளர்ந்தும் இறுகியும் கொண்டிருக்கின்றன.

எவ்வளவு மரபணுக்கள் இப்படி? 2014இல் எலிகளின் 12 உறுப்புகளை எடுத்து ஒரு நாளின் பல நேரங்களில் அளந்தார்கள். புரதம் தரும் மரபணுக்களில் 43 சதவீதம், ஏதாவது ஓர் உறுப்பிலாவது நாள் கணக்கில் ஏறி இறங்கியது. அதிகம் ஆடியது கல்லீரல். எந்தெந்த மரபணு என்பது உறுப்புக்கு உறுப்பு வேறு, இதைக் கவனிக்க வேண்டும். கடிகாரத்தின் பாகங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான், ஆனால் கல்லீரலில் அது சர்க்கரை, கொழுப்பு, பித்தம் தொடர்பான மரபணுக்களை ஆட்டுகிறது, இதயத்தில் வேறு மரபணுக்களை. ஏனென்றால் ஒவ்வொரு உறுப்பிலும் டிஎன்ஏவின் எந்தப் பகுதி தளர்வாக, திறந்து கிடக்கிறதோ அங்கேதான் கிளாக்-பிமால்1 ஜோடி போய் உட்கார முடியும். 2018இல் பபூன் குரங்குகளின் 64 திசுக்களில் இதையே பார்த்தபோது, 80 சதவீதத்துக்கும் மேலான மரபணுக்கள் ஏதோ ஒரு திசுவில் நாள் கணக்கில் ஆடின. குரங்கு நம்மைப் போலப் பகலில் விழித்திருக்கும் உயிர் என்பதால் எலியை விட அது நமக்குப் பக்கம்.

நான் இந்தத் துறையில் படித்ததிலேயே மனதை விட்டுப் போகாதது ஒரு சோதனை. மின்மினிப் பூச்சியின் ஒளிரும் மரபணுவை எடுத்து, எலியின் பெர்2 மரபணுவோடு இணைத்துவிட்டார்கள். அப்போது பெர்2 புரதம் கூடும்போதெல்லாம் அந்தச் செல் ஒளிரும், குறையும்போது மங்கும். அந்த எலியின் கல்லீரலிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ ஒரு சின்னத் துண்டை வெட்டி, ஊட்டச்சத்துத் திரவம் உள்ள கண்ணாடித் தட்டில் வைத்து, முழு இருட்டில் மிக நுட்பமான கருவியால் பார்த்தார்கள். உடம்பு இல்லை, மூளை இல்லை, ரத்த ஓட்டம் இல்லை, சூரியன் இல்லை. துண்டு மட்டும் தனியாக ஒளிர்ந்தது, மங்கியது, ஏறக்குறைய ஒரு நாள் கழித்து மறுபடி ஒளிர்ந்தது. இப்படி வாரக்கணக்கில் தொடர்ந்தது. 2004இல் வந்த முடிவு இது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, பல காலமாகத் தட்டிலேயே வளர்ந்து வந்த எலியின் இணைப்புத் திசுச் செல்களிலும் இந்தக் கடிகாரம் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். கடிகாரம் மூளையின் தனிச்சொத்து என்ற எண்ணம் அத்தோடு முடிந்தது. ரத்தச் சிவப்பணு ஒன்று மட்டும் விசித்திரம், அதற்கு உட்கருவே கிடையாது, மரபணுவும் கிடையாது, ஆனாலும் அதற்குள்ளும் ஒருவித நாள் ஒழுங்கு இருப்பதாக 2011இல் தெரியவந்தது. எல்லாவற்றையும் மரபணுச் சுற்று ஒன்றை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இவ்வளவு கடிகாரங்கள் இருந்தால் யார் ஒத்திசைப்பது? மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு நேர் மேலே, சுமார் இருபதாயிரம் நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. எஸ்சிஎன் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், நாம் தலைமைக் கடிகாரம் என்று வைத்துக்கொள்வோம். விழித்திரையில், பார்ப்பதற்காக இல்லாமல் வெளிச்சத்தின் அளவைத் தெரிந்துகொள்வதற்காகவே மெலனாப்சின் என்ற புரதம் கொண்ட சில செல்கள் இருக்கின்றன. நீல ஒளி அவற்றை அதிகம் தூண்டும். அவை நேராகத் தலைமைக் கடிகாரத்துக்குச் சேதி அனுப்புகின்றன, அங்கே பெர் மரபணு உடனே தூண்டப்படுகிறது, கடிகாரம் முன்னாலோ பின்னாலோ தள்ளிக்கொள்கிறது. இந்தத் திருத்தம் தினமும் தேவை. நம் உள்கடிகாரம் சரியாக 24 மணி இல்லை, சராசரியாக 24 மணியும் பத்து நிமிடமும் போல ஓடுகிறது. திருத்தாமல் விட்டால் நாளுக்கு நாள் பின்தங்கும். சென்னையில் ஜூனில் 5.45 மணிக்குள்ளும் ஜனவரியில் 6.30ஐ ஒட்டியும் சூரியன் வருகிறது, கடற்கரை ஓரத்து வீடுகளுக்கு அது மறைப்பில்லாமல் கிடைக்கும் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வெளியே வெயிலில் பல்லாயிரம் லக்ஸ் இருக்கும், வீட்டு டியூப் லைட்டில் சில நூறு லக்ஸ்தான். கண்ணுக்கு இரண்டும் "நல்ல வெளிச்சம்" என்றே படும், கடிகாரத்துக்கு அப்படி இல்லை.

தலைமைக் கடிகாரம் மற்ற உறுப்புகளுக்கு நரம்பு வழியாகவும், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன் வழியாகவும், உடல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் வழியாகவும் நேரம் சொல்கிறது. ஆனால் கல்லீரல் அதை மட்டும் கேட்பதில்லை. அது சாப்பாட்டையும் கேட்கிறது. இரவில் தின்னும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டுப் பார்த்தார்கள், இது 2000இல். சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. மூளையின் தலைமைக் கடிகாரமோ அசையவே இல்லை, அது வெளிச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது ஒரே உடம்புக்குள் மூளை இரவு என்கிறது, கல்லீரல் பகல் என்கிறது.

நைட் ஷிப்ட்காரரின் நிலைமை இதுதான். என் அக்கா வீட்டுக்காரர் பல வருஷமாக ஷிப்டில் இருப்பவர். ஒரு நாள் கேட்டேன்: "மாமா, நைட்ல எப்ப எப்ப சாப்பிடுவீங்க?"

"கிளம்பும்போது சாதம். ஒரு மணிக்கு கேன்டீன்ல பரோட்டாவோ ரவா உப்புமாவோ. நாலு மணிக்கு டீ, பன்னு. காலைல வந்து உங்கக்கா இட்லி குடுப்பா, அதைத் தின்னுட்டுப் படுத்தா ரெண்டு மணிக்கு எழுந்து மறுபடி சாப்பாடு."

இதில் அவர் தப்பு என்ன இருக்கிறது? உழைக்கிற உடம்புக்குப் பசிக்கும். ஆனால் உள்ளே நடப்பதைப் பாருங்கள். காலை ஆறரை மணிக்கு வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்கு வருகிறார், முகத்தில் நேராக வெயில். அது தலைமைக் கடிகாரத்துக்கு "விடிந்துவிட்டது" என்று அடித்துச் சொல்கிறது, அதனால் எத்தனை வாரம் நைட் பார்த்தாலும் அவர் மூளை பெரும்பாலும் பகல்காரராகவே இருக்கிறது. லீவு நாளில் குடும்பத்தோடு சேர்ந்து இரவில் தூங்கிப் பகலில் விழித்திருப்பதும் அதையே உறுதி செய்கிறது. நடுநிசிப் பரோட்டாவோ கல்லீரலைத் தட்டி எழுப்புகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு, உடலின் இரவில் அவை மந்தமாக இருக்கும் நேரம் அது. அதே அளவு மாவுச்சத்தைக் காலையில் சாப்பிடும்போது ஏறுவதை விட இரவில் சாப்பிடும்போது ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும், கூடுதல் நேரம் நிற்கும். இதைத் தினமும் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை, நம் தெருக்களில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே போதும். எல்லாவற்றுக்கும் நைட் ஷிப்ட் காரணம் இல்லை, ஆனால் அதற்கும் அதில் பங்கு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007இலேயே, அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவை என்ற பட்டியலில் சேர்த்தது, 2019இல் மறுபடி ஆராய்ந்தும் நைட் ஷிப்ட் வேலையை அங்கேயே வைத்தது.

வேலையை விட முடியாது, அதனால் என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். 2021இல் அமெரிக்காவில் 19 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து, நைட் ஷிப்ட் வேலை போன்ற சூழ்நிலையை உருவாக்கினார்கள். ஒரு பாதிப் பேர் நைட் ஷிப்ட்காரர்கள் வழக்கமாகச் சாப்பிடுவது போல இரவிலும் பகலிலும் சாப்பிட்டார்கள். மறு பாதிப் பேர் இரவில் விழித்திருந்தாலும் பகலில் மட்டும் சாப்பிட்டார்கள். முதல் பிரிவினருக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது, இரண்டாம் பிரிவினருக்கு ஏறவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் எலிகளில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. ஆகவே ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வயிறார ஒரு சாப்பாடு, நடுநிசியிலிருந்து விடியும் வரை முடிந்த அளவு கனமான சாப்பாட்டைத் தவிர்ப்பது, தாங்கவில்லை என்றால் கொஞ்சமாக ஏதாவது, இது செய்யக்கூடிய காரியம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் ஆபத்து உண்டு. காலையில் திரும்பும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்வதும், படுக்கும் அறையில் கனமான திரை போட்டு இருட்டாக்கிக்கொள்வதும் பகல் தூக்கத்துக்கு உதவும். தூக்கம் கண்ணைச் சொருகினால் மட்டும் பைக்கை எடுக்காமல் பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

தனி ஆள் செய்ய முடியாத, ஆனால் யூனியன் கேட்டு வாங்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. நம் கடிகாரம் 24 மணியை விடக் கொஞ்சம் நீளம் என்பதால், பெரும்பாலானவர்களுக்கு நேரத்தைப் பின்னால் தள்ளிப்போடுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். ஆகவே ஷிப்ட் மாறும்போது காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாறினால் உடம்பு ஓரளவு தொடர முடியும். இரவு, மதியம், காலை என்று தலைகீழாக மாற்றினால் ஒவ்வொரு மாற்றமும் அடிதான். 1982இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது ஆலையில் ஷிப்ட் சுற்றும் திசையை இப்படி மாற்றி, ஒரு ஷிப்டில் இருக்கும் காலத்தையும் நீட்டிப் பார்த்தார்கள். தொழிலாளர்களுக்கும் பிடித்தது, உற்பத்தியும் கூடியது. முதலாளிக்குப் பெரிய செலவு இல்லாத மாற்றம் இது, ரோஸ்டர் தாளில் வரிசையை மாற்றி எழுதினால் முடிந்தது.

அப்புறம், டாக்டரிடமும் லேபிலும் உங்கள் ஷிப்டைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் அதிகம் விற்ற 100 மருந்துகளில் 56 மருந்துகள் குறிவைக்கும் புரதங்கள், நாள் கணக்கில் ஆடும் மரபணுக்களிலிருந்து வருபவை என்று, எலிகளின் 12 உறுப்புகளை அளந்த அதே 2014 ஆய்வு சொன்னது. கொலஸ்ட்ராலை உடம்பு உற்பத்தி செய்வது இரவில் அதிகம் என்பதால்தான், உடலில் வெகுநேரம் தங்காத சிம்வாஸ்டாடின் மாத்திரையை இரவில் போடச் சொல்கிறார்கள், அடோர்வாஸ்டாடின் வெகுநேரம் தங்குவதால் அதற்கு இந்தக் கட்டாயம் இல்லை. கார்ட்டிசால் பரிசோதனைக்குக் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுப்பதும், பகலில் விழித்து இரவில் தூங்குகிறவருக்கு அது உச்சத்தில் இருக்கும் நேரம் என்ற கணக்கில்தான். நைட் முடித்து நேராக லேபுக்கு வந்தவர் அதைச் சொல்லவில்லை என்றால், சீட்டில் வரும் எண்ணை டாக்டர் தப்பாகப் படிக்க வாய்ப்பு உண்டு. "நான் ரெண்டு வாரமா நைட் ஷிப்ட், கடைசியா தூங்கினது நேத்து மதியம்" என்று சொன்னால், டாக்டர் அதையும் சேர்த்துப் பார்த்துப் படிப்பார், தேவைப்பட்டால் பகல் ஷிப்டில் இருக்கும்போது மறுபடி எடுக்கச் சொல்வார்.